அதிபராக இருந்தவர் உறுப்பினராக அமர்ந்தார்: ஜான் குவின்சி ஆடம்ஸ் குறித்த கேள்வி பதில்

அமெரிக்காவின் ஆறாவது அதிபரான ஜான் குவின்சி ஆடம்ஸின் வாழ்க்கையைப் பல ஆண்டுகளாக விரும்பிப் படித்து வருகிறேன். அவரைப் பற்றி அன்பர்கள் கேட்டவற்றுக்கு என்னால் இயன்ற அளவு விரிவாக விடை எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்): ஐயா, அமெரிக்க அதிபர்களின் பட்டியலில் ஆடம்ஸ் என்ற பெயர் இரண்டு முறை வருகிறது. இருவருக்கும் என்ன உறவு?

பதில்: தந்தையும் மகனும். தந்தை ஜான் ஆடம்ஸ் இரண்டாவது அதிபர். 1797 முதல் 1801 வரை பதவியில் இருந்தார். மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் 1825 முதல் 1829 வரை பதவி வகித்தார். ஓர் அதிபரின் மகன் அதிபரானது அதுவே முதல் முறை. மறுமுறை அது நிகழ 2001ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மகன் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியைக் கேட்கும்போது தந்தைக்கு வயது 89. அடுத்த ஆண்டு, 1826 ஜூலை 4 அன்று, விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நாளில் அவர் காலமானார். அதே நாளில் தாமஸ் ஜெஃபர்சனும் காலமானார் என்பது தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் செய்தி.

கேள்வி (கல்லூரி மாணவி): சிறுவயதிலேயே அவர் அயல்நாட்டுத் தூதரகப் பணியில் இருந்தார் என்று படித்தேன். அது எப்படி நடந்தது?

பதில்: அவர் 1767 ஜூலை 11 அன்று மாசசூசெட்ஸில் உள்ள பிரெய்ன்ட்ரீ என்ற ஊரில் பிறந்தார். ஏழு வயதில், 1775 ஜூன் 17 அன்று, தாய் அபிகெயிலின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டருகே இருந்த குன்றின் மீது நின்று, அமெரிக்க விடுதலைப் போரின் ஒரு பகுதியான பங்கர் ஹில் போரின் புகையையும் தீயையும் தொலைவிலிருந்து பார்த்தார். அவருடைய அடிபட்ட விரலை வெட்டாமல் காப்பாற்றிய குடும்ப மருத்துவர் ஜோசப் வாரன் அந்தப் போரில்தான் உயிரிழந்தார். முதுமையிலும் அவர் மறக்காமல் நினைவுகூர்ந்த நாள் அது.

தந்தை பிரான்ஸுக்குத் தூதராக அனுப்பப்பட்டபோது, 1778இல், பத்து வயது மகனும் உடன் கப்பலேறினான். 1779இல் மேற்கொண்ட இரண்டாவது பயணத்தில் கப்பலின் அடித்தளத்தில் நீர் புகுந்ததால் ஸ்பெயினின் ஃபெரோல் துறைமுகத்தில் கரையொதுங்கி, அங்கிருந்து மலைப்பாதை வழியாகக் குளிர்காலத்தில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பயணம் தொடங்கிய நாள்களில் அவர் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு, இறப்பதற்குச் சற்று முன்பு வரை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் தொடர்ந்து, 51 தொகுதிகளாக வளர்ந்தது. இன்று நாம் அவரைப் பற்றி அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்த நாட்குறிப்பின் கொடை. 1781இல், ருஷ்யப் பேரரசின் அங்கீகாரத்தைப் பெறுவதற்காக ஃபிரான்சிஸ் டானா செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்றபோது, பிரெஞ்சு நன்கு அறிந்த பதினான்கு வயது ஆடம்ஸ் அவருக்குச் செயலராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் உடன் சென்றார். பிறகு நாடு திரும்பி, 1787இல் ஹார்வர்டில் பட்டம் பெற்று, சட்டம் படித்தார். 1794இல் ஜார்ஜ் வாஷிங்டன் அவரை நெதர்லாந்துக்குத் தூதராக நியமித்தபோது அவருக்கு 27 வயது நிரம்பவில்லை.

கேள்வி (அரசியல் ஆர்வலர்): அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்? ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு கட்சியின் பெயர் காணப்படுகிறதே.

பதில்: குழப்பம் இயல்பானதே. 1803இல் தந்தையின் கட்சியான ஃபெடரலிஸ்ட் கட்சியின் சார்பில் செனட்டுக்குச் சென்றார். ஆனால் லூசியானா நிலப்பரப்பை வாங்கும் திட்டத்துக்கு, எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜெஃபர்சன் கொண்டுவந்தது என்று பாராமல், துணை நின்றார். 1807இல் ஜெஃபர்சன் அயல்நாட்டுக் கப்பல் வணிகத்தைத் தடை செய்தபோதும் ஆதரித்தார். துறைமுகங்களை நம்பி வாழ்ந்த மாசசூசெட்ஸில் அந்தத் தடை வணிகர்களின் அடிவயிற்றில் கை வைத்தது. அக்காலத்தில் செனட்டர்களை மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. அந்தச் சட்டமன்றம் அவருடைய பதவிக்காலம் முடியும் முன்பே அவருக்குப் பதிலாக வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் 1808 ஜூனில் பதவி விலகினார். அதன்பின் ஜெஃபர்சனின் ஜனநாயகக் குடியரசுக் கட்சி, தேசியக் குடியரசுக் கட்சி, மேசன் எதிர்ப்புக் கட்சி, விக் கட்சி என்று பல பெயர்களின் கீழ் அவர் நின்றார். பதவிக்காகக் கட்சி மாறியவர் என்று இதைப் படிப்பது தவறு. முதன்முதலில் கட்சியை மீறியபோது அவர் கையில் இருந்த பதவியை இழந்தார், பெறவில்லை.

கேள்வி (வரலாற்று ஆசிரியர்): மன்றோ கோட்பாட்டின் உண்மையான ஆசிரியர் இவரே என்று சொல்லப்படுவது சரியா?

பதில்: பெருமளவு சரி. 1809இல் ருஷ்யாவுக்கு முதல் அமெரிக்கத் தூதராகச் சென்று அங்கே ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் இருந்தார். பிரிட்டனுடன் நடந்த 1812ஆம் ஆண்டுப் போரை முடித்த கெண்ட் உடன்படிக்கையை 1814 டிசம்பர் 24 அன்று கையெழுத்திட்ட அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1817இல் அதிபர் ஜேம்ஸ் மன்றோ அவரை வெளியுறவு அமைச்சராக்கினார். அந்த எட்டு ஆண்டுகள்தாம் அவருடைய அரசுப் பணியின் பொற்காலம் என்பது என் கருத்து. 1818இல் பிரிட்டனுடன் 49ஆம் இணைகோட்டை ராக்கி மலைத்தொடர் வரை எல்லையாக வகுத்தார். 1819 பிப்ரவரி 22 அன்று ஸ்பெயினுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலம் ஃபுளோரிடாவைப் பெற்றதுடன், பசிபிக் கடல் வரை நீளும் எல்லைக்கோட்டையும் ஸ்பெயின் ஏற்கும்படி செய்தார்.

அந்தப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோது, தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் ஃபுளோரிடாவுக்குள் படையுடன் புகுந்துவிட்டார். அமைச்சரவையில் மற்றவர்கள் அவரைக் கண்டிக்க முனைந்தபோது, ஜாக்சனின் பக்கம் நின்று வாதாடியவர் ஆடம்ஸ் ஒருவரே. பின்னாளில் இவ்விருவரும் பரம எதிரிகளானதைப் படிக்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

1823இல், தென் அமெரிக்கக் குடியரசுகளின் விவகாரத்தில் ஐரோப்பிய வல்லரசுகள் தலையிடக் கூடாது என்று கூட்டாக அறிவிப்போம் என்று பிரிட்டன் அழைத்தது. மன்றோவும் முன்னாள் அதிபர்களான ஜெஃபர்சன், மாடிசன் இருவரும் இணங்கும் மனநிலையில் இருந்தார்கள். ஆடம்ஸ் மறுத்தார். பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பின்னால் இழுபட்டு வரும் சிறு படகாக வருவதைவிட, நம் கொள்கையை நாமே வெளிப்படையாகச் சொல்வது கண்ணியம் என்று அமைச்சரவையில் வாதிட்டார். அவர் கருத்தே வென்றது. டிசம்பர் 2 அன்று மன்றோ நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் அந்தக் கொள்கை இடம்பெற்றது. மன்றோ கோட்பாடு என்று அழைக்கப்படுவது அதுவே.

கேள்வி (சட்ட மாணவர்): 1824 தேர்தலில் குறைவான வாக்குகள் பெற்றவர் எப்படி அதிபரானார்? அது சூழ்ச்சிதானே?

பதில்: இரண்டு கேள்விகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். முதலில் சட்டம். அந்தத் தேர்தலில் ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84, வில்லியம் கிராஃபோர்டுக்கு 41, ஹென்றி கிளேவுக்கு 37 தேர்வாளர் வாக்குகள் (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்களின் சார்பில் தேர்வாளர்கள் அளிக்கும் வாக்குகள்) கிடைத்தன. மொத்தம் 261; வெற்றிக்கு 131 தேவை; எவருக்கும் அது இல்லை. மக்கள் வாக்கிலும் ஜாக்சனே முன்னிலையில் இருந்தார் என்றாலும், 24 மாநிலங்களுள் ஆறில் அன்று மக்கள் வாக்களிக்கவே இல்லை. அங்கே சட்டமன்றங்களே தேர்வாளர்களை நியமித்தன. எவருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது, முதல் மூவருள் ஒருவரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும், மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்றும் அரசியலமைப்பின் பன்னிரண்டாவது திருத்தம் கூறுகிறது. 1825 பிப்ரவரி 9 அன்று நடந்த வாக்கெடுப்பில் 13 மாநிலங்கள் ஆடம்ஸையும், 7 ஜாக்சனையும், 4 கிராஃபோர்டையும் ஆதரித்தன. சட்டப்படி அதில் எள்ளளவும் பிழை இல்லை.

இனி சூழ்ச்சி பற்றி. நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டதால் போட்டியிலிருந்து விலகிய கிளே, அதே சபையின் அவைத்தலைவர். அவர் தம் செல்வாக்கு முழுவதையும் ஆடம்ஸுக்காகப் பயன்படுத்தினார். அவருடைய மாநிலமான கென்டக்கியில் ஆடம்ஸுக்கு மக்கள் வாக்கு ஒன்றுகூட விழவில்லை. ஜாக்சனை ஆதரியுங்கள் என்று அம்மாநிலச் சட்டமன்றமும் கேட்டுக்கொண்டது. இருந்தும் கென்டக்கியின் வாக்கு ஆடம்ஸுக்கே போனது. சில நாள்களில் ஆடம்ஸ் கிளேயை வெளியுறவு அமைச்சராக்கினார். அன்று அந்தப் பதவி அதிபர் நாற்காலிக்கு ஏறும் படிக்கட்டாகக் கருதப்பட்டது. ‘ஊழல் பேரம்’ என்று ஜாக்சனின் ஆதரவாளர்கள் எழுப்பிய முழக்கம் நான்கு ஆண்டுகள் ஓயவில்லை.

வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன், ஜனவரி 9 மாலை, ஆடம்ஸும் கிளேயும் நெடுநேரம் தனித்துப் பேசினார்கள் என்பதை ஆடம்ஸின் நாட்குறிப்பே சொல்கிறது. பொதுக் கொள்கைகளைப் பற்றித்தான் கிளே உறுதி கேட்டார், தமக்கென எதையும் கேட்கவில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறார். வெளிப்படையான பேரம் நடந்ததற்குச் சான்று இல்லை. உள்நாட்டுச் சாலை, கால்வாய், வங்கி ஆகியவற்றில் இருவர் கொள்கையும் ஒன்றே. ஆகவே கிளே அவரை ஆதரித்தது இயல்பானது. ஆனாலும் அந்த நியமனம் பெரும் பிழை என்றே நான் எண்ணுகிறேன். தகுதியானவரை நியமிக்கிறோம் என்ற நம்பிக்கையில், நாடு அதை எப்படிப் பார்க்கும் என்பதை அவர் எடைபோடத் தவறினார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

கேள்வி (ஓய்வுபெற்ற அரசு அலுவலர்): அதிபராக அவர் சாதித்தது என்ன?

பதில்: கனவு கண்டவற்றில் மிகச் சிறு பகுதி. 1825 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய முதல் ஆண்டுச் செய்தியில் தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வகம், சாலைகள், கால்வாய்கள் என்று நீண்டதொரு திட்டத்தை வைத்தார். ஐரோப்பாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ‘வானத்துக் கலங்கரை விளக்கங்கள்’ இருக்கும்போது நம் கண்டத்தில் ஒன்றுகூட இல்லையே என்று வருந்தினார். அந்தச் சொற்றொடரை எதிரிகள் ஆண்டுக்கணக்கில் கேலி செய்தார்கள். அதே செய்தியில், வாக்காளர்களின் விருப்பத்தால் நாம் முடங்கிப்போனோம் என்று உலகுக்குச் சொல்லலாமா என்ற பொருளில் எழுதியது இன்னும் பெரிய சேதத்தை விளைவித்தது. பேரத்தால் வந்தவர் என்று தூற்றப்பட்ட ஒருவர் எழுதத் தகுந்த வரி அது அன்று.

தாங்கள் அரசு அலுவலராக இருந்தவர் என்பதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அரசியல் காரணத்துக்காக எவரையும் பணியிலிருந்து நீக்க மாட்டேன் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நான்கு ஆண்டுகளில் பன்னிரண்டு பேரை மட்டுமே, அதுவும் முறைகேட்டுக்காக, நீக்கினார். அஞ்சல் துறைத் தலைவர் ஜான் மெக்லீன் எதிரணிக்குச் சாதகமாக நியமனங்களைச் செய்துவந்தார் என்று நண்பர்கள் எச்சரித்தும், துறையைத் திறமையாக நடத்துகிறார் என்பதற்காக அவரை அப்படியே விட்டார். 1828 தேர்தலில் ஜாக்சன் 178க்கு 83 என்ற கணக்கில் அவரைத் தோற்கடித்தார். தந்தையைப் போலவே, தம்மை வென்றவரின் பதவியேற்பு விழாவுக்கு அவரும் செல்லவில்லை.

கேள்வி (ஆய்வு மாணவி): பூர்வகுடி மக்களிடம் அவருடைய அணுகுமுறை என்ன?

பதில்: எண்ணம் மற்றவர்களைவிட மேலானது, விளைவு அதற்கு ஈடாகவில்லை. ஜார்ஜியாவில் இருந்த கிரீக் மக்களின் நிலத்தை, அம்மக்களின் பேரவை ஒப்புக்கொள்ளாத நிலையில், ஒரு சில தலைவர்களிடம் கையெழுத்து வாங்கி எடுத்துக்கொண்ட 1825ஆம் ஆண்டு இந்தியன் ஸ்பிரிங்ஸ் உடன்படிக்கையை, அதன் முறைகேடு தெரியவந்ததும் அவர் விலக்கி வைத்து, 1826இல் புதிய உடன்படிக்கை செய்தார். ஜார்ஜியாவின் ஆளுநர் ஜார்ஜ் ட்ரூப் அதை மதிக்காமல் நிலத்தை அளக்க ஆள் அனுப்பினார். படை கொண்டும் எதிர்ப்பேன் என்றார். ஆடம்ஸ் இறுதியில் பின்வாங்கினார். கிரீக் மக்கள் எஞ்சிய நிலத்தையும் இழந்தார்கள்.

கேள்வி (இல்லத்தரசி): அவருடைய மனைவியைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே. அவரைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: கேட்டதற்கு நன்றி. லூயிசா கேத்தரின் ஜான்சன் லண்டனில் பிறந்தவர். 1797இல் அங்கேயே திருமணம் நடந்தது. அமெரிக்காவுக்கு வெளியே பிறந்து அதிபரின் மனைவியான முதல் பெண் அவர். ருஷ்யாவில் பிறந்த அவர்களுடைய ஒரே மகள் 1812இல் ஓராண்டு நிறைந்த சில வாரங்களில் இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டாள். 1815இல், கணவர் முன்பே மேற்கு ஐரோப்பா சென்றுவிட்ட நிலையில், ஏழு வயது மகன் சார்லஸ் ஃபிரான்சிஸை அழைத்துக்கொண்டு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பாரிஸுக்கு நாற்பது நாள் வண்டியில் பயணம் செய்தார். போரால் சிதைந்த ஊர்களையும், எல்பாவிலிருந்து திரும்பிய நெப்போலியனை வரவேற்கத் திரண்ட படைவீரர்களையும் கடந்து, தம் பிரெஞ்சு மொழித் திறத்தாலும் துணிவாலும் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் அவர் எழுதிய அந்தப் பயண நினைவுகளைப் படித்தவர்கள், அவரை ஒரு பெரிய மனிதரின் நிழலாக மட்டும் எண்ண மாட்டார்கள். மூத்த மகன் ஜார்ஜை 1829இலும், இரண்டாவது மகன் ஜானை 1834இலும் இழந்த துயரத்தையும் அந்தத் தாய் தாங்கினார்.

கேள்வி (பள்ளி மாணவர்): அவர் ஆற்றில் நீந்துவாராமே? வெள்ளை மாளிகையில் முதலை வளர்த்தாரா?

பதில்: விடியற்காலையில் பொட்டோமாக் ஆற்றில் நீந்துவது அவர் வழக்கம், 1825 கோடையில் படகில் நீர் நிரம்பி மூழ்கும் நிலைக்கே போய்விட்டார். முதலைக் கதைக்கும், ஒரு பெண் பத்திரிகையாளர் கரையில் இருந்த அவருடைய உடைகளின் மேல் உட்கார்ந்து பேட்டி வாங்கினார் என்ற கதைக்கும் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை, தம்பி.

கேள்வி (முன்னாள் ஊராட்சி உறுப்பினர்): நாட்டின் உச்சப் பதவியில் இருந்தவர் சாதாரண உறுப்பினராகப் போனது தரக்குறைவாகக் கருதப்படவில்லையா?

பதில்: குடும்பத்தாரே அப்படிக் கருதினார்கள். அவர் கருதவில்லை. தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்தால் ஊராட்சி உறுப்பினராக இருப்பதும் முன்னாள் அதிபருக்கு இழிவாகாது என்ற பொருளில் அவர் விடையளித்தார். 1830இல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, இதுவரை பெற்ற எந்தப் பதவியும் தமக்கு இத்தனை மகிழ்ச்சி தரவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். 1831 முதல் இறக்கும் வரை பதினேழு ஆண்டுகள் அந்த இருக்கையில் இருந்தார். அதிபர் பதவிக்குப் பின் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தவர் அவர் ஒருவரே.

கேள்வி (வழக்கறிஞர்): அந்தச் சபையில் அவர் நடத்திய ‘வாய்ப்பூட்டு விதி’ எதிர்ப்புப் போரைச் சற்று விளக்க முடியுமா?

பதில்: தலைநகர் வாஷிங்டனிலாவது அடிமை முறையை ஒழியுங்கள் என்று கேட்டு 1830களில் ஆயிரக்கணக்கான மனுக்கள் வந்து குவிந்தன, கையெழுத்திட்டவர்களில் பலர் பெண்கள். அடிமை முறை பற்றிய எந்த மனுவையும் படிக்காமல், அச்சிடாமல், விவாதிக்காமல் ஒதுக்கி வைப்பது என்று 1836 மே மாதம் சபை தீர்மானித்தது. வாக்கெடுப்பில் தம் பெயர் அழைக்கப்பட்டபோது, இது அரசியலமைப்பையும் சபை விதிகளையும் என் தொகுதி மக்களின் உரிமைகளையும் நேரடியாக மீறுவது என்று எழுந்து முழங்கினார். மனுச் செய்யும் உரிமை அரசியலமைப்பின் முதல் திருத்தத்திலேயே இருப்பதைச் சுட்டிய அவர், அடிமை முறையைப் பற்றி இல்லாமல், வெள்ளையரான வடக்கு மக்களின் உரிமையைப் பற்றியதாக அந்த வழக்கை மாற்றினார். தங்களைப் போன்ற வழக்கறிஞர்கள் அந்த நுட்பத்தை உடனே உணர்வீர்கள்.

1837 பிப்ரவரியில், அடிமைகள் அனுப்பியதாகச் சொல்லப்படும் மனு ஒன்று தம்மிடம் இருக்கிறது, அது இந்த விதிக்குள் வருமா என்று அவைத்தலைவர் ஜேம்ஸ் போல்க்கிடம் கேட்டார். தென்மாநில உறுப்பினர்கள் கொதித்தெழுந்து அவர்மீது கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். கூச்சல் உச்சத்தை எட்டிய பிறகே, அந்த மனு அடிமை ஒழிப்பைக் கேட்கவில்லை, அதற்கு எதிரானது என்பதை வெளியிட்டார். தீர்மானம் தோற்றது. 1840இல் விதி இன்னும் கடுமையாகி, அத்தகைய மனுக்களைப் பெறவே கூடாது என்றானது. 1842 ஜனவரியில், ஹேவர்ஹில் ஊரைச் சேர்ந்த 46 பேர் நாட்டுக் கூட்டமைப்பையே கலைக்கக் கோரி அனுப்பிய மனுவை அவர் முன்வைத்தார். அதை மறுத்து விடை அளியுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். மீண்டும் கண்டனத் தீர்மானம். எழுபத்து நான்கு வயதுக் கிழவர், தம்மைக் காத்துக்கொள்ளும் உரிமையைப் பயன்படுத்தி, விடுதலைப் பிரகடனத்தைப் படிக்கச் சொல்லித் தொடங்கி, அடிமை முறையைப் பற்றிப் பேசக்கூடாது என்ற அந்தச் சபையிலேயே நாள்கணக்கில் அதைப் பற்றிப் பேசினார். எதிரிகள் களைத்துப்போய்த் தீர்மானத்தைக் கைவிட்டார்கள். 1844 டிசம்பர் 3 அன்று அவருடைய தீர்மானத்தின்படி 108க்கு 80 வாக்குகளில் அந்த விதி நீக்கப்பட்டது. ‘கடவுளின் திருப்பெயர் என்றென்றும் வாழ்த்தப்படுக’ என்று அன்றிரவு எழுதினார். அதிபராக அவரைத் தோற்கடித்த வளையாத பிடிவாதமே இங்கே அவருக்கு ஆயுதமானது என்பதை எத்தனை முறை படித்தாலும் நான் வியக்கிறேன்.

கேள்வி (அதே ஆய்வு மாணவி): அப்படியானால் அவரை அடிமை ஒழிப்புவாதி என்று அழைக்கலாமா?

பதில்: அவர் தம்மை அப்படி அழைத்துக்கொள்ளவில்லை. அடிமை முறையை வெறுத்தார். 1820இல், மிசௌரியை அடிமை முறையுள்ள மாநிலமாகச் சேர்ப்பதா என்ற விவகாரத்தின்போதே, அதற்காகக் கூட்டமைப்பு ஒருநாள் உடையக்கூடும் என்று நாட்குறிப்பில் எழுதினார். ஆனால் அமைச்சராகவும் அதிபராகவும் இருந்த காலத்தில் அந்த வெறுப்பைப் பொதுவெளிக்குக் கொண்டுவரவில்லை. தலைநகரில் உடனடி ஒழிப்பு கேட்ட மனுக்களை முன்வைத்தபோதும், அதற்குத் தாம் வாக்களிக்கப்போவதில்லை என்றார். இந்த முரண்பாட்டை மறைப்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. அதே சமயம், உள்நாட்டுப் போர் மூண்டால் போர்க்கால அதிகாரத்தைக் கொண்டு அரசு அடிமைகளை விடுவிக்கலாம் என்று சபையில் முதன்முதலில் உரத்துச் சொன்னவர்களுள் அவர் முக்கியமானவர். லிங்கனின் காலத்தில் அந்த வாதம் மீண்டும் எடுத்தாளப்பட்டது.

அமிஸ்டாட் வழக்கையும் பலர் கேட்டிருந்தீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சட்டத்துக்குப் புறம்பாகக் கடத்தப்பட்டு, கியூபாவில் விற்கப்பட்ட மெண்டே மக்கள் சிங்கே என்பவரின் தலைமையில் 1839இல் அமிஸ்டாட் என்ற கப்பலைக் கைப்பற்றினார்கள். தாயகம் நோக்கிச் செலுத்தச் சொன்ன கப்பலை, உயிரோடு விடப்பட்டிருந்த ஸ்பானியர் இரவில் வடக்கே திருப்பியதால், அமெரிக்கக் கடற்படையிடம் அகப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் அவர்களைச் சுதந்திர மனிதர்கள் என்று தீர்ப்பளித்தும், அப்போதைய அதிபர் வான் பியூரனின் அரசு மேல்முறையீடு செய்தது. மூன்று பத்தாண்டுகளாக உச்ச நீதிமன்றத்தில் வாதாடாத 73 வயது ஆடம்ஸ், ரோஜர் பால்ட்வினுடன் சேர்ந்து, 1841 பிப்ரவரி 24, மார்ச் 1 ஆகிய நாள்களில் மொத்தம் எட்டு மணி நேரத்துக்கு மேல் வாதாடினார். நீதிமன்றச் சுவரில் தொங்கிய விடுதலைப் பிரகடனத்தைச் சுட்டிக்காட்டி, இம்மனிதர்களுக்குப் பொருந்தும் சட்டம் அதுவே என்றார். மார்ச் 9 அன்று விடுதலைத் தீர்ப்பு வந்தது. உயிரோடு எஞ்சியவர்கள் 1842 தொடக்கத்தில் சியரா லியோன் சேர்ந்தார்கள்.

கேள்வி (நூலகர்): ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கும் அவருக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் அறிவைப் பரப்புவதற்காக அமெரிக்காவுக்கு எழுதிவைத்த, ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலர் சொத்து வேறு செலவுகளில் கரைந்துபோகாமல், பத்தாண்டு காலம் சபையில் காவல் காத்தவர் ஆடம்ஸ். 1846இல் நிறுவனம் உருவானது. வானாய்வக ஆசையையும் அவர் விடவில்லை. 1843இல், 76 வயதில், சின்சினாட்டியில் ஒரு வானாய்வகத்துக்கு அடிக்கல் நாட்ட நெடுந்தொலைவு பயணம் செய்தார்.

கேள்வி (முதியவர் ஒருவர்): அவருடைய இறுதி நாள்கள் எப்படி இருந்தன?

பதில்: 1846 நவம்பரில் பக்கவாதம் தாக்கியது. தேறி, அடுத்த பிப்ரவரியில் சபைக்குள் நுழைந்தபோது கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் எழுந்து நின்றார்கள். மெக்சிகோ போரைத் தொடக்கம் முதல் எதிர்த்த பதினான்கு உறுப்பினர்களுள் அவர் ஒருவர். 1848 பிப்ரவரி 21 அன்று அந்தப் போரின் தளபதிகளைப் பாராட்டும் தீர்மானம் வந்தபோது, உரத்த குரலில் எதிர்த்து வாக்களித்தார்; சற்று நேரத்தில் இருக்கையிலேயே சாய்ந்தார். வீட்டுக்குக் கொண்டுசெல்ல இயலாத நிலையில் அவைத்தலைவரின் அறையில் படுக்கவைத்தார்கள். 23ஆம் தேதி மாலை, எண்பது வயதில், அந்தக் கட்டடத்துக்குள்ளேயே உயிர் பிரிந்தது. இறுதிச் சடங்குக்கான ஏற்பாட்டுக் குழுவில், இல்லினாயிலிருந்து முதன்முறையாக வந்திருந்த ஆபிரகாம் லிங்கனும் இடம்பெற்றார்.

குவின்சி ஊரின் தேவாலயத்தில், தாய் தந்தையரின் அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். லூயிசாவும் அங்கேயே இருக்கிறார். 1852 மே மாதம் அவர் மறைந்தபோது, ஒரு பெண்ணின் இறுதிச் சடங்குக்காக நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் முதன்முறையாக ஒத்திவைக்கப்பட்டன.